முக்கால் அங்குலம்

“இதைத் தைச்சவங்களுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?”

தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள் மார்லிஸ். ஒரு கையில் அளவுகோல். மறு கையில், இப்போதுதான் காகிதப் பையிலிருந்து உருவிய கனத்த துணி. நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, பையைக் கொண்டுவந்தவனைப் பார்த்தார்கள். அவன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தெரியும்னுதான் ஊர்ல பேச்சு,” என்றான்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். நிமிராமலே இருந்திருக்கலாம்... சாம்பலும் நீலமுமாக, மழை விட்டும் விடாத வானத்தின் நிறத்தில் இரண்டு கண்கள். சிரிப்பு உதட்டுக்கு வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மருந்துக் கடையில் பத்து வருஷமாக மாத்திரை எண்ணுகிறவள் அவள். எத்தனையோ முகங்கள் எதிரே வந்து நின்றும் எண்ணிக்கை தவறியதில்லை. இப்போது அளவுகோல் எந்த அங்குலத்தில் நின்றது என்பதே மறந்துவிட்டது. அதனாலேயே கோபம் கூடியது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மார்ச் மாதம் ஷ்மிட் குடும்பத்தின் வீடு எரிந்து சாம்பலானது. புது வீடு எழும்பி, ஜூன் கடைசி ஞாயிறு குடிபோகிறார்கள். அன்றைக்குக் கொடுப்பதற்காக ஒரு பெரிய ஒட்டுப்போர்வை. முழுப் போர்வையையும் ஒரே விரிப்பாகத் தைக்க யார் வீட்டிலும் இடமில்லை, நேரமும் இல்லை. அதனால் ஒன்பது பாகமாகப் பிரித்து ஒன்பது பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒவ்வொருத்தியும் தன் சதுரத்தில் மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைத்து முடித்துக் கொண்டுவர வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் உட்கார்ந்து முடித்த பாகங்களை ஒன்றோடொன்று இணைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் போட்டவள் மார்லிஸ். இவன் கொண்டுவந்தது அவன் அக்கா எல்டாவின் பங்கு. நட்ட நடுவில் வர வேண்டிய பாகம்.

“இங்க பாருங்க,” என்று துணியின் ஓரத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். “ஓரத்துல சுத்தி ஒரு அங்குலம் தைக்காம விடணும். மேல்துணியை மேல்துணியோட சேர்த்துத் தைக்கணும், பஞ்சைப் பஞ்சோட ஒட்டினாப்பல வைக்கணும், அப்புறம் அடித்துணியை மடிச்சு மூடணும். இது மூணையும் சேர்த்து விளிம்பு வரைக்கும் இழுத்துத் தைச்சு வெச்சிருக்கு. இதை எதோட சேர்க்கறது?”

“விளிம்பு வரைக்கும் தைச்சா கெட்டியா இருக்கும்னு நினைச்சிருப்பாங்க போல...”

“கெட்டியா இருந்து? தனியாத்தான் கிடக்கும்.”

மறுபடி அளந்தாள். முப்பது அங்குலம் இருக்க வேண்டியது இருபத்தொன்பதே கால். நெருக்கி நெருக்கித் தைத்ததில் துணி சுருங்கி முக்கால் அங்குலத்தை விழுங்கியிருந்தது. நடுவில் வைக்க லாயக்கில்லை, வேறொன்று தைத்துக்கொள்ளலாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொன்னாள். பக்கத்திலிருந்த பெர்னீஸுக்கு ஐம்பது வயது, நாக்குக்கு மட்டும் பதினாறு. வந்தவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்து, அளவுகோலோடு பிறந்த பெண் இது, நீ பயப்படாதே ஆர்லன் என்று சமாதானம் செய்தாள். எடுத்த எடுப்பில் தூக்கி எறியாதே, வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரத்தைப் பிரித்துப் பார் என்று மார்லிஸையும் அடக்கினாள்.

ஆர்லன் வோத் நிதானமாக ரொட்டியைத் தின்றான். நிதானமாகக் காபியைக் குடித்தான். எழுந்து போகும்போது மார்லிஸிடம் வந்து, “தைச்சவன்கிட்ட... தைச்சவங்ககிட்ட சொல்லிடறேன்,” என்றான். கதவைத் திறந்ததும் மழைச் சத்தம் உள்ளே வந்தது. அவன் லாரியில் ஏறும்வரை அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்னீஸ் அதைக் கவனித்தாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு விடுப்பு. வீட்டு ஜன்னலோரம் அந்தச் சதுரத்தை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள் மார்லிஸ். முதல் தையலை நிமிண்டியதுமே கை நின்றது. நேற்று ஓரத்தையும் அளவையும் பார்த்தாளே தவிர, தையலைப் பார்க்கவே இல்லை. மிஷின் தையல் இல்லை இது. கையால் போட்டது. ஓர் அங்குலத்தில் பதினொன்று, எண்ணினாள், அடுத்த அங்குலத்திலும் பதினொன்று... எல்லாம் ஒரே நீளம். வளைந்து வளைந்து போன கோடுகள், காற்றில் படுத்து எழுந்த கோதுமை வயலைப் போல இருந்தன. முடிச்சு எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பஞ்சுக்குள் அவ்வளவு பாந்தமாக ஒளிந்திருந்தது.

எல்டாவின் கை இதல்ல. எல்டா அவசரக்காரி, அவள் தையல் நொண்டும். யாராக இருக்கும்? பிரித்துக்கொண்டே போனபோது இன்னொன்றும் புலப்பட்டது. நூல் எல்லா வரியிலும் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிந்திருந்தது. வலக்கையால் தைக்கிறவர்கள் யாரும் அப்படிப் போக மாட்டார்கள்...

நேற்று ஆர்லனின் இடது கையில் காபிக் கோப்பை. இடது கையில் ரொட்டி.

முகத்தில் ரத்தம் ஏறுவதை அவளே உணர்ந்தாள். கண் தெரியுமா என்று அந்த மனுஷனிடமே கேட்டிருக்கிறாள். அவனும் உட்கார்ந்து, திட்டியவள் கூட்டத்தின் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான்! வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று... அதற்குப் பெயர் வைக்க அவள் துணியவில்லை. நான்கு ஓரமும் பிரித்து முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. ஒரு மணி நேர வேலைதான். ஒவ்வொரு தையலையும் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டெலிபோனை மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் வைத்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு அது. கடைசியில் ஒரு சீட்டு எழுதினாள். ‘ஓரம் ஒரு அங்குலம் பிரிக்கப்பட்டது. அளவு முக்கால் அங்குலம் குறைவு. தையலைத் தளர்த்தி மறுபடி தைத்தால் சேர்த்துக்கொள்ள இயலும்.’ மருந்துப் புட்டியில் ஒட்டுகிற சீட்டைப் போலவே இருந்தது. அழகாக இருந்தது என்று நான்காவதாக ஒரு வரி எழுதி, கிழித்துவிட்டு, முதல் மூன்றை மட்டும் மறுபடி எழுதினாள். சீட்டைத் துணியில் குத்தி, மறு செவ்வாய் காலையில் தேவாலய மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மேஜையில் எட்டுப் பாகங்கள்தான் இருந்தன. ஆர்லன் வந்து சீட்டைப் படித்தான், துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான் என்றாள் பெர்னீஸ்.

“எதுவும் சொல்லலையா?”

“சொன்னான். தைச்சவன் வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிடுங்கன்னான். சிரிக்கவே இல்லைடி. போன வாரம் அவ்வளவு திட்டினே, சிரிச்சுக்கிட்டே போனான். இன்னைக்கு என்ன எழுதி வெச்சே?”

போனால் போகட்டும், புதிதாக ஒன்று தைத்துவிடுகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினாள் மார்லிஸ். துணி வெட்டினாள். பஞ்சு வைத்தாள். முப்பதுக்கு முப்பது, இம்மியும் பிசகவில்லை. மிஷினில் நான்கு கோடு ஓட்டியதுமே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். எந்தக் குறையும் இல்லாத சதுரம் அது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து முறிந்திருந்தது. உன் பக்கத்தில் உட்கார வேண்டுமானால்கூட அளந்து பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான் அந்த மனிதன். அவன் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அவன் சொன்னதுதான் போகாமல் தங்கிவிட்டது. சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா? தப்பில்லை என்று ஏழு வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அந்தப் பதில் அவளுக்கே சலித்தது.

ஜூன் வந்தது. கோதுமை முற்றி, ஊரைச் சுற்றி அறுவடை இயந்திரங்கள் இரைந்தன. ஒரு புதன்கிழமை எல்டா கையில் மாவுக்கட்டோடு மருந்துக் கடைக்கு வந்தாள், வலி மாத்திரை வாங்க. பங்கை எடுத்துப் போன நாலாம் நாளே மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததாம். தம்பி சிகரெட்டை விட்ட புதிது. தானியக் களஞ்சியத்தில் லாரியை நிறுத்தி வரிசையில் காத்திருக்கும்போது கை சும்மா இருந்தால் பற்றவைத்துவிடுவேன், எதையாவது கொடு என்றானாம். இதைத் தூக்கிக் கொடுத்தாளாம். ஓரத்தை விடச் சொல்ல மறந்தது தன் தப்புதான் என்றாள் எல்டா.

“அது கிடக்கட்டும். அவன் வெள்ளிக்கிழமை வடக்கே கிளம்பறான், ஊர் ஊராப் போற அறுப்புக் கூட்டத்தோட. நெப்ராஸ்கா, அப்புறம் டகோட்டா... எப்பவும் செப்டம்பர்ல வந்துடுவான். இந்த வருஷம் அங்கேயே வேலை இருக்காம், தங்கினாலும் தங்கிடுவேன்கறான்.” மாத்திரையை வாங்கிக்கொண்டு போகத் திரும்பியவள் நின்றாள். “முதல் நாள் வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? அக்கா, ஒரு பொண்ணு என்னை நல்லாத் திட்டினா, அடுத்த செவ்வாயும் எதையாவது எடுத்துட்டுப் போறேன்னான். இப்ப உன் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போயிடறான்.”

எல்டா போனபின் மார்லிஸ் மாத்திரை எண்ணினாள். முப்பது எண்ண வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. பன்னிரண்டு மணிக்கே கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், நடுப்பாகம் வராததால் இன்னும் இணைக்காமல் கிடந்த எட்டுப் பாகங்களையும் மேஜையில் பரப்பினாள். எல்லாவற்றுக்கும் ஓரத்தில் வெறும் வெள்ளைத் துணிதான். முக்கால் அங்குலத்தில் பாதியை ஒரு பக்கம், பாதியை மறு பக்கம் என்று வெட்டினால் பூ வேலை எதுவும் கெடாது, சேர்த்துத் தைக்கவும் துணி மிஞ்சும். மூலைப் பாகங்களை வெட்டாமலே சமாளிக்கலாம்தான். ஆனால் நடுவில் வருவது மட்டும் ஒல்லியாக, இடம் கிடைக்காமல் ஒடுங்கி உட்கார்ந்த மாதிரி தெரியும். அப்படித் தெரிய வேண்டாம். எட்டையும் அவன் அளவுக்கே கொண்டுவர வேண்டும்.

காபிப் பாத்திரத்தைக் கழுவ வந்த பெர்னீஸ் அங்கேயே நின்றுவிட்டாள். ஆறு வாரமாக அரைக்கால் அங்குலத்துக்கு எல்லோரையும் அழவைத்தவள் கத்தரிக்கோலை எடுத்து, பெர்னீஸின் சதுரத்திலேயே கை வைத்தாள்.

“பைத்தியம் பிடிச்சிடுச்சாடி உனக்கு? அவன் கொடுக்கலைன்னா எட்டும் என்னத்துக்கு ஆகும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள மறுபடி தைக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்புறம்?”

“அப்புறம்... தெரியலை,” என்றாள் மார்லிஸ். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை பெர்னீஸ் அன்றுதான் கேட்டாள். பாத்திரத்தை வைத்துவிட்டு, துணியின் மறுமுனையை நகராமல் பிடித்துக்கொண்டாள்.

ரயில் பாதையோரத் தானியக் களஞ்சியத்தின் முன்னால் லாரிகள் அரை மைலுக்கு நின்றன. ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏறி, உள்ளே போய்க் கோதுமையைக் கொட்டி, வெறும் வண்டியாக மறுபடி எடை போட்டுத்தான் வெளியே வர முடியும். வெயில் கொளுத்தியது. கடைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கியோடு, புழுதியில், ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள் மார்லிஸ். யாருக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று பேர் கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்று மூன்று பேருக்கும் சொன்னாள். கடைசியில், எடைமேடைக்கு முன்னால் இரண்டாவதாக நின்ற லாரியில் அவன் இருந்தான். மடியில் துணி எதுவும் இல்லை. உதட்டில் பற்றவைக்காத ஒரு சிகரெட் இருந்தது.

“பத்த வெச்சிடாதீங்க,” என்றாள். பேச நினைத்து வந்தது இதுவல்ல.

ஆர்லன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் அன்றைக்குப் போல இல்லை. கதவைத் திறந்துவிட்டான், ஏறச் சொல்லவில்லை. அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். உள்ளே கோதுமை உமியும் எஞ்சின் சூடும் மணத்தன.

“இதுவும் சீட்டுல எழுதி அனுப்பியிருக்கலாமே,” என்றான்.

அடி விழுந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

“நேர்ல திட்டினீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது,” என்றான் ஆர்லன், முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே. “யாரோ கவனிச்சுப் பார்த்துத் திட்டற மாதிரி இருந்துச்சு. சீட்டு அப்படி இல்லை. தளர்த்தித் தையுன்னு எழுதியிருந்தீங்க. இருநூறு மணி நேரம் லாரியில உட்கார்ந்து தைச்சது. அதைப் பிரிச்சுப் பார்த்த ஆளுக்கு, சொல்றதுக்கு மூணு வரிதான் இருந்துச்சா?”

“நாலு வரி எழுதினேன். நாலாவதைக் கிழிச்சுட்டேன்.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

வரிசை நகர்ந்தது. அவன் லாரியை ஒரு வண்டி நீளம் முன்னால் விட்டு நிறுத்தினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் புழுதியிலேயே உதிர்ந்துவிட்டன. கையைப் பிசைந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“அழகா இருந்துச்சுன்னு. அது கூடச் சரியில்லை... பிரிக்கப் பிரிக்க யாரோ என்கிட்ட ரொம்ப நேரமாப் பேசிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு. நான் பாட்டுக்கு அதை நூல் நூலா உருவிப் போட்டுட்டு இருந்தேன். அதை எழுதினா, நீங்க தப்பா நினைச்சுப்பீங்களோன்னு பயம். சரியா நினைச்சுப்பீங்களோன்னும் பயம். தப்பு என் மேலதான், ஆர்லன்.”

அவன் சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தான். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் வைத்துக்கொண்டிருந்தான்.

“ஆனா இன்னும் முக்கால் அங்குலம் கம்மிதானே அது?” என்றான் மெதுவாக. “நான் ஒரு தையலையும் தொடலை. தளர்த்தவும் மாட்டேன்.”

“தளர்த்த வேணாம். மத்த எட்டையும் வெட்டிட்டேன்.”

“என்னது?”

“உங்க அளவுக்கு வெட்டிட்டேன். இன்னைக்கு மத்தியானம். நீங்க கொடுத்தா போர்வை. கொடுக்கலைன்னா எட்டுக் கால்மிதி.”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு முதலில் கண்ணுக்கு வந்து, அங்கே கொஞ்சம் தயங்கி, இந்த முறை உதட்டுக்கும் இறங்கியது. பின்னாலிருந்த லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான். முன்னால் எடைமேடை காலியாகியிருந்தது. ஆர்லன் வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தி, இருக்கைக்குப் பின்னாலிருந்து சுருட்டிய துணியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

எடைமேடைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இந்தப் பெண் இறங்குகிறதா இல்லையா என்று கேட்டார். ஏறும்போது ரெண்டு பேரை வைத்து எடை போட்டால், கொட்டிவிட்டு வரும்போதும் ரெண்டு பேர் இருக்க வேண்டும், நடுவில் இறங்கினால் கணக்கு உதைக்கும் என்றார். இறங்குவதானால் இப்போதே இறங்கிவிடலாம் என்று ஆர்லனும் சொன்னான். துணியைக் கொடுத்தாயிற்று, வந்த வேலை முடிந்தது, அவன் சொன்னது நியாயம்தான்.

மார்லிஸ் இறங்கவில்லை. எடை போடச் சொன்னாள்.

களஞ்சியத்துக்குள் அரை இருட்டு. லாரியின் பின்பக்கம் திறந்துகொண்டு கோதுமை இரைச்சலோடு சரிந்தது. மெல்லிய தூசு கண்ணாடி முழுக்கப் படிந்தது. இரைச்சல் அடங்கியது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “டகோட்டாவுல வேலை நல்லா இருந்தா நீங்க தங்கிடலாம். தடுக்க எனக்கு என்ன உரிமை... ஆனா தெரியாமப் போயிடக் கூடாது. அதான் சொன்னேன்.”

ஆர்லன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். இடது கை விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்ததை இப்போதுதான் அவள் பார்த்தாள்.

“செப்டம்பர்ல வந்துடுவேன்,” என்றான். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தாலும் ஒரு டெலிபோன் கிடைக்கும். அடிச்சா எடுப்பீங்களா?”

“முதல் மணியிலேயே எடுத்துட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க?”

“நினைக்கறதை அப்பவே சொல்றேனே...”

“இப்பவே சொல்லுங்க. செப்டம்பர் வரைக்கும் என்னால மாத்திரை எண்ணிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.”

பின்னாலிருந்து மறுபடியும் ஹாரன். அவன் எஞ்சினைக் கிளப்பவில்லை. துணியின் மேலிருந்த அவள் கையைத் தன் தடித்த விரல்களால் மூடினான்.

“இவளைக் கல்யாணம் பண்ணிட்டா ஆயுசு பூரா திட்டு வாங்கலாம், அதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்னு நினைப்பேன். மே மாசத்துலேர்ந்தே அதைத்தான் நினைச்சுட்டு இருக்கேன், மார்லிஸ்.”

அதில் திருத்துவதற்கு அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.